திண்டிவனத்தில் தட்டப்பட்ட கதவு: "கர்த்தர் என்னோடு பேசினார்" என்பதை எப்போது நம்பலாம்?

தியானப் பகுதி: எரேமியா 32:6–8, 1 தெசலோனிக்கேயர் 5:19–21



நம்முடைய சபைகளில் இந்நாட்களில் மிக எளிதாகச் சொல்லப்பட்டு, மிகக் கடினமாகச் சோதிக்கப்படுகிற வாக்கியம் ஒன்று உண்டு. "கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார்" என்பதே அது. இந்த வாக்கியத்தைக் கேட்டுத் திருமணங்கள் நிச்சயிக்கப்படுகின்றன, நிலங்கள் விற்கப்படுகின்றன, மருந்துகள் நிறுத்தப்படுகின்றன. சொல்லுகிறவர் கண்களை மூடி, குரலைத் தாழ்த்திச் சொன்னால் எதிர்க்கேள்வி கேட்க நமக்கு அச்சமாயிருக்கிறது. கேள்வி கேட்பது அவிசுவாசம் என்று நாம் பழக்கப்பட்டிருக்கிறோம்.

இன்னொரு புறத்தில், இப்படிப்பட்ட பேச்சுகளால் காயப்பட்ட சிலர், தேவன் இந்நாட்களில் எவரோடும் பேசுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். அவர்களுக்குச் சாட்சி என்று எதைச் சொன்னாலும் ஏளனமாகவே படுகிறது.

எல்லாவற்றையும் நம்புவது, எதையும் நம்பாதிருப்பது என்னும் இவ்விரண்டு வழிகளும் சுலபமானவை. இரண்டிலும் நிதானித்துப் பார்க்கிற வேலை இல்லை. பவுல் அப்போஸ்தலனோ தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ண வேண்டாம் என்றும், எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும் அடுத்தடுத்த வசனங்களில் கட்டளையிடுகிறார். இவ்விரண்டு கட்டளைகளையும் சேர்த்துக் கைக்கொள்வது எப்படி என்பதைச் சரித்திரத்தின் வழியாக இவ்வாரம் தியானிப்போம். அதற்கு நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. நம்முடைய திண்டிவனத்திலிருந்தே தொடங்கலாம்.

ஓர் இரவும் மூன்று மரணங்களும்

ஆற்காட்டுப் பகுதியில் ஊழியம் செய்த அமெரிக்க ஆற்காடு மிஷனின் சரித்திரத்தில் ஸ்கடர் என்னும் குடும்பப்பெயர் பல தலைமுறைகளாகத் தொடர்ந்து வருகிறது. முதலாம் ஜான் ஸ்கடர் 1819இல் யாழ்ப்பாணத்திற்கு வந்த மருத்துவ மிஷனரி. பின்னர் 1836இல் சென்னைக்கு வந்தார். அவருடைய மகன் இரண்டாம் ஜான் ஸ்கடரும் மருத்துவரே. இவருடைய மகளாக 1870 டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா சோபியா ஸ்கடர்.

சிறுமியாயிருந்தபோது 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தைத் தம் கண்களால் கண்டவர் ஐடா. அந்நினைவுகளோடு அமெரிக்காவுக்குச் சென்று அங்கே கல்வி கற்ற அவருக்கு, இந்தியாவில் மிஷனரியாக வாழும் விருப்பம் சிறிதும் இல்லை. தாயார் திண்டிவனத்தில் நோயுற்றிருந்ததினால், அவருக்கு உதவி செய்வதற்காக 1890இல் இங்கே வந்தார். சில காலம் தங்கித் திரும்பிவிடுவதே அவருடைய எண்ணம்.

1890களின் முற்பகுதியில், திண்டிவனம் மிஷன் பங்களாவில் ஓர் இரவு நடந்ததாக அவர் பின்னாட்களில் பலமுறை சாட்சியாகச் சொன்னது இதுதான். இரவில் ஒரு பிராமணர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தம் இளம் மனைவியைக் காப்பாற்ற வரும்படி ஐடாவை வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், தம் தகப்பனார் மருத்துவர், அவரை அழைத்துப் போகலாம் என்றும் ஐடா சொன்னார். அந்நிய ஆண் ஒருவர் தம் மனைவியைப் பார்க்கக் கூடாது என்று சொல்லி அந்த மனிதர் திரும்பிப் போய்விட்டார். அதே இரவில் ஓர் இஸ்லாமியரும், உயர்சாதியைச் சேர்ந்த வேறோர் இந்துவும் அதே வேண்டுதலோடு வந்தார்கள். அதே பதிலைக் கேட்டு அதே விதமாய்த் திரும்பினார்கள். விடிந்தபோது சாவு மேளம் கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்ததில், மூன்று பெண்களும் இறந்துபோனார்கள் என்று தெரிந்தது.

ஐடா தம் அறைக்குள் போய் நெடுநேரம் ஜெபித்தார். பின்பு தம் பெற்றோரிடம் சென்று, அமெரிக்காவுக்குப் போய் மருத்துவம் படித்து, இந்நாட்டுப் பெண்களுக்கு உதவத் திரும்பி வருவேன் என்று அறிவித்தார். அந்த இரவில் தேவன் தம்மை அழைத்தார் என்பதே தம் வாழ்நாளின் இறுதிவரை அவர் உறுதியாகச் சொன்ன சாட்சி.

இதை நாம் நம்பலாமா?

சரித்திரம் எதைச் சொல்ல முடியும்?

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த இரவைக் குறித்து நம்மிடம் இருப்பது முக்கியமாக ஐடாவின் வாய்ச்சொல்லே. இறந்துபோன மூன்று தாய்மாரின் பெயர்கள் நாம் அறிந்த வரலாற்றில் இல்லை. மேடைகளில் பலமுறை சொல்லப்படுகிற சாட்சி காலப்போக்கில் மெருகேறுவது மனித இயல்பு. ஆகவே ஒவ்வொரு விவரத்தையும் நீதிமன்றத்துச் சான்றைப் போல எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனாலும் சரித்திரத்தினால் சரிபார்க்கக் கூடியவை பல உண்டு. பிரசவத்தில் பெண்கள் மருத்துவ உதவியின்றி இறந்தது ஐடாவின் கற்பனையன்று. ஆண் மருத்துவரிடம் போகாத பெண்களுக்குப் பெண் மருத்துவர்கள் வேண்டும் என்ற குரல் அதற்கு முன்பே எழுந்திருந்தது. 1875இல் மேரி ஷார்லீப் உட்படச் சில பெண்கள் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்க்கப்பட்டது அக்காரணத்தினால்தான். 1885இல் டஃப்ரின் சீமாட்டியின் பெயரில் பெண்களின் மருத்துவ உதவிக்கான நிதி தொடங்கப்பட்டதும் அதற்காகவே. திண்டிவனத்தில் மூன்று கதவுகளுக்குப் பின்னால் இருந்த துயரம் அக்காலத்தில் நாடெங்கும் இருந்தது.

இந்தியாவில் தங்க விரும்பாத இளம்பெண் ஒருவர் திண்டிவனத்தில் தங்கியிருந்த காலத்தில் முற்றிலும் மனம் மாறினார் என்பதும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. அவர் திரும்பிப் போய் மருத்துவம் பயின்று, 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900இன் தொடக்கத்தில் வேலூருக்கு வந்தார். சில மாதங்களிலேயே தகப்பனார் இறந்துபோனார். வீட்டிலேயே ஒரு சிறு மருந்தகத்தோடு தொடங்கிய பணி, 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனையாயிற்று. 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கப்பட்டன. 1942இல் அது பட்டப்படிப்புக்குரிய கல்லூரியாக உயர்ந்தது. 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். இன்று நாம் சி.எம்.சி. என்று அழைக்கிற வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதுவே. ஐடா 1960 மே மாதம் கொடைக்கானலில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

இனி அந்தச் சாட்சியின் தன்மையைக் கவனியுங்கள். அதில் வானத்திலிருந்து ஒளி இல்லை, காதில் விழுந்த குரல் இல்லை, தேவதூதன் இல்லை. தட்டப்பட்ட கதவும், உதவ முடியாத கைகளும், காலையில் கேட்ட சாவு மேளமும் மட்டுமே இருந்தன. அவற்றுக்குப் பொருள் கொள்ளும்படி அவர் ஜெபத்தில் அமர்ந்தார். அந்தப் பொருள் அவரைத் தவிர வேறு ஒருவரையும் கட்டுப்படுத்தவில்லை. அதற்கான விலையையும் அவரே செலுத்தினார்.

வேதம் காட்டுகிற நிதானம்

தேவன் பேசினார் என்பதை உடனே நம்பிவிடாத மனிதர்களை வேதமே நமக்குக் காட்டுகிறது.

சீலோவில் சிறுவன் சாமுவேலுக்குக் கர்த்தருடைய சத்தம் மூன்று முறை கேட்டது. மூன்று முறையும் அவன் அதை ஏலியின் சத்தம் என்றே நினைத்தான். தேவனுடைய சத்தத்துக்கும் மனிதனுடைய சத்தத்துக்கும் வேறுபாடு அவனுக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரு மூப்பர் தேவைப்பட்டார். அந்த மூப்பரோ பல குறைகள் உள்ளவர். அடுத்த நாள் காலையில் சாமுவேல் சொன்ன செய்தி அவருக்கே விரோதமான செய்தி. ஆயினும் அவர் அதை மறைக்க வேண்டாம் என்று சொல்லிக் கேட்டு ஏற்றுக்கொண்டார்.

எரேமியா பெரிய தீர்க்கதரிசி. அவன் காவல் முற்றத்தில் அடைக்கப்பட்டிருந்தபோது, அனாமெயேல் என்னும் உறவினன் வந்து ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கச் சொல்லுவான் என்று கர்த்தருடைய வார்த்தை அவனுக்கு உண்டாயிற்று. பின்பு அனாமெயேல் உண்மையாகவே வந்து அப்படியே கேட்டான். அப்போதுதான், அது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டதாக எரேமியா எழுதுகிறான். எவ்வளவு வியப்பான வரி! கர்த்தருடைய வார்த்தையை இளமை முதல் கேட்டு வந்தவனே காரியம் நடக்கும்வரை காத்திருந்தான். நாமோ இரவில் கண்ட கனவை மறுநாள் காலையில் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறோம்.

துரோவாவில் பவுல் இரவில் ஒரு தரிசனம் கண்டார். மக்கெதோனியா தேசத்தான் ஒருவன் வந்து உதவி செய்யும்படி வேண்டிக்கொண்டான். அப்போஸ்தலருடைய நடபடிகள் 16ஆம் அதிகாரத்தின் 10ஆம் வசனத்தை உற்றுக் கவனியுங்கள். தரிசனம் கண்டவர் ஒருவர். அதன் பொருளை நிச்சயித்துக்கொண்டவர்கள் "நாங்கள்" என்று லூக்கா எழுதுகிறார். அப்போஸ்தலன் கண்ட தரிசனத்தையும் உடன் ஊழியர் கூடி நிதானித்தார்கள். கொரிந்து சபைக்கும் பவுல் இதே ஒழுங்கையே கற்பித்தார்: தீர்க்கதரிசனம் சொல்லுகிறவர்கள் இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் (1 கொரிந்தியர் 14:29). நிதானிக்கப்பட மறுக்கிற தீர்க்கதரிசனத்துக்கு அப்போஸ்தல சபையில் இடமில்லை.

ஒரே எழுப்புதல், இரண்டு முடிவுகள்

தமிழ்க் கிறிஸ்தவ சரித்திரத்தில் ஐடாவின் காலத்துக்கு முன்பே இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது.

ரேனியஸ் ஐயரிடம் கல்வி கற்ற ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், வத்திராயிருப்புக்கு அருகே கிறிஸ்டியான்பேட்டை என்னும் விசுவாசிகளின் குடியிருப்பை 1840இல் ஏற்படுத்தினார். அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் உண்டான எழுப்புதல்களின் செய்தி இங்கும் எட்டியிருந்த காலத்தில், 1860இல் அவருடைய மக்களிடையே ஒரு பெரிய எழுப்புதல் உண்டாயிற்று. பாவ உணர்வினால் மக்கள் கதறினார்கள். தரிசனங்களும் தீர்க்கதரிசனங்களும் அந்நிய பாஷைகளும் காணப்பட்டன. ஆண்களும் பெண்களும் சம்பளம் எதிர்பாராமல் சுவிசேஷம் சொல்லக் கிராமங்களுக்குப் புறப்பட்டார்கள். மிஷனரிகளில் சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் ஐயுற்றார்கள்.

அந்த எழுப்புதலின் அலை 1870களில் மலைகளைத் தாண்டித் திருவிதாங்கூருக்குச் சென்றது. அங்கே தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861இல் ஞானஸ்நானம் பெற்று, சர்ச் மிஷனரி சங்கத்தின் குருவானவராயிருந்த ஜஸ்டஸ் ஜோசப் என்பவர் இருந்தார். கல்வியிலும் பாடல் இயற்றுவதிலும் சிறந்து விளங்கியதால் வித்வான் குட்டி என்று அழைக்கப்பட்டவர். அவரைச் சூழ்ந்து எழுப்புதல் பற்றி எரிந்தது. 1875இல், இன்னும் ஆறு ஆண்டுகளில் கிறிஸ்து திரும்பி வருவார் என்னும் தீர்க்கதரிசனம் அவருடைய கூட்டத்தாரிடையே எழுந்தது. அவர்கள் தாய்ச்சபையை விட்டுப் பிரிந்து தனிச்சபையானார்கள். 1881ஆம் ஆண்டு வந்தது, சென்றது. எதிர்பார்த்தபடி ஆண்டவர் வரவில்லை. அப்பொழுதும் அவர்கள் வெளிப்பாட்டைக் கைவிடவில்லை. புதிய யுகம் ஒன்று ஆவிக்குரிய விதத்தில் தொடங்கிவிட்டது என்று பொருளை மாற்றிக்கொண்டார்கள். யுயோமயம் என்னும் தனி மதமாகவே அது மாறிற்று.

கிறிஸ்டியான்பேட்டையிலும் திருவிதாங்கூரிலும் கண்ணீர் இருந்தது, உருக்கமான ஜெபம் இருந்தது, தரிசனம் இருந்தது. ஜஸ்டஸ் ஜோசப் ஏமாற்றுக்காரர் என்று சொல்வதற்கில்லை. கல்வியறிவும் தியாகமும் உடையவர். இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று: உண்மையான உருக்கம் வெளிப்பாட்டின் உண்மைக்கு ஆதாரமாகாது. மனப்பூர்வமாய் நம்புகிறவரும் தவறாய் நம்பக்கூடும்.

இது புதிதுமன்று. இரண்டாம் நூற்றாண்டில் பிரிகியா நாட்டில் மொன்டானஸ் என்பவரும், பிரிஸ்கில்லா, மாக்சிமில்லா என்னும் இரண்டு பெண்களும் பரிசுத்த ஆவியானவர் தங்கள் மூலமாய்ப் பேசுகிறார் என்று அறிவித்தார்கள். பெரிய போர்களும் கலகங்களும் வரும் என்று மாக்சிமில்லா சொன்னார். அவர் இறந்து 13 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அப்படி ஒன்றும் நடக்கவில்லையே என்று அக்காலத்து எழுத்தாளர் ஒருவர் கேட்டதை, யூசேபியஸ் தம் திருச்சபை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். தெர்த்துல்லியன் போன்ற பெரிய அறிஞரே அந்த இயக்கத்தின் பக்கம் சாய்ந்தார். அறிவாளி நம்புகிறார் என்பதும் ஆதாரமாகாது.

சுந்தர் சிங்கின் இரண்டு சாட்சிகள்

நம் வீடுகளில் மிகவும் நேசிக்கப்படுகிற ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாது சுந்தர் சிங் 1904 டிசம்பரில், 15 வயதில், பஞ்சாபிலுள்ள ராம்பூரில் தம் வீட்டில் கிறிஸ்துவைத் தரிசித்ததாகச் சாட்சி சொன்னார். அந்த நாள்முதல் அவர் வாழ்வு மாறிற்று. வீட்டை இழந்தார். அடுத்த ஆண்டு சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றார். காவி உடையோடு மலைகளைக் கடந்து நடந்தார். 1918இல் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தபோது திரளான மக்கள் அவரைக் கேட்டார்கள். 1929இல் திபெத்தை நோக்கிப் புறப்பட்டவர் திரும்பவில்லை.

அதே சுந்தர் சிங், கைலாசப் பகுதியில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வாழும் கிறிஸ்தவ மகரிஷி ஒருவரைச் சந்தித்ததாகவும் சொன்னார். அந்த மகரிஷியை வேறு எவரும் கண்டறிந்து உறுதிப்படுத்தவில்லை. 1920களில் ஐரோப்பாவில் அவருடைய சாட்சிகளைக் குறித்துப் பெரும் விவாதம் எழுந்தது. ஆஸ்கர் ஃபிஸ்டர் எதிர்த்து எழுதினார், பிரெடரிக் ஹைலர் ஆதரித்து எழுதினார்.

நாம் என்ன செய்வது? முதல் சாட்சிக்கு அவருடைய வாழ்வு முழுவதும் பின்னின்று பேசுகிறது. இரண்டாவதற்கு அப்படி ஒன்றும் இல்லை. ஒருவருக்கு ஒருமுறை தேவன் உண்மையாகவே வெளிப்பட்டார் என்பதினால், அவர் பின்னர் சொல்லும் ஒவ்வொன்றும் வெளிப்பாடாகிவிடாது. சாதுவை நேசித்துக்கொண்டே அவருடைய எல்லாச் சொல்லையும் ஒரே தராசில் நிறுக்காமல் இருக்கலாம். இன்றைய ஊழியக்காரர்களுக்கும் இதே அளவுதான். பத்து ஆண்டுகளுக்கு முன் அவருடைய ஜெபத்தினால் நமக்கு நன்மை கிடைத்திருக்கலாம். அதற்காக இன்று அவர் சொல்லுகிற தேதியையும் தொகையையும் சோதியாமல் ஏற்க வேண்டியதில்லை.

சோதிக்கும் கேள்விகள்

இந்தச் சரித்திரத்திலிருந்து சில கேள்விகளை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, இது வேதத்தோடு இசைகிறதா? எபிரெயர் நிருபத்தின் தொடக்கம் சொல்லுகிறபடி, தேவன் தம் குமாரன் மூலமாய்த் திருவுளம் பற்றிவிட்டார். அதற்குமேல் இரட்சிப்புக்கு அவசியமான புதிய உபதேசம் எவருக்கும் கொடுக்கப்படுவதில்லை. 1947 செப்டம்பர் 27 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபையும் வேதாகமத்தையே விசுவாசத்தின் உன்னதமான, இறுதியான அளவுகோலாக அறிக்கையிடுகிறது. ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையும், தான் அங்கீகரித்த தனிப்பட்ட வெளிப்பாடுகளைக்கூட விசுவாசத்தின் அடித்தளத்தோடு சேர்ப்பதில்லை. அடையாளம் பலித்தாலும், வேறு வழிக்கு இழுத்தால் அவனைக் கேட்கக் கூடாது என்று உபாகமம் 13 சொல்லுகிறது.

இரண்டாவது, சொன்னது நடந்ததா? உபாகமம் 18இன் அளவு இது. கிபியோனைச் சேர்ந்த அனனியா, இரண்டு ஆண்டுகளில் எல்லாம் திரும்பி வரும் என்று தேவாலயத்தில் அறிவித்தான். எரேமியா முதலில், அப்படியே ஆகட்டும் என்று சொன்னதைக் கவனியுங்கள். நல்ல செய்தியை அவனும் விரும்பினான். விருப்பம் வேறு, நிறைவேறுதல் வேறு என்று அவன் அறிந்திருந்தான். நடக்காத தீர்க்கதரிசனத்துக்குப் பிறகு பொருளை மாற்றிச் சொல்லுகிறவரைக் குறித்து 1881ஆம் ஆண்டு நமக்கு எச்சரிக்கிறது.

மூன்றாவது, இது யாரைக் கட்டுகிறது, யார் விலை கொடுக்கிறார்? ஐடாவின் வெளிப்பாடு ஐடாவைக் கட்டிற்று. விலை அவருடைய இளமை, அவருடைய விருப்பம், அவருடைய அறுபது ஆண்டுகள். இன்று பல வெளிப்பாடுகளில் கேட்கிறவர் விலை கொடுக்கிறார், சொல்லுகிறவர் பெற்றுக்கொள்ளுகிறார். உங்கள் மகள் இன்னாரை மணக்க வேண்டும் என்று தேவன் உங்களிடம் சொல்லாமல் எனக்குச் சொன்னார் என்று ஒருவர் வந்தால், தேவன் உங்கள் மகளிடமும் பேச வல்லவர் என்பதை மறவாதிருங்கள்.

நான்காவது, இது மற்றவர்களின் நிதானத்துக்கு உட்படுகிறதா? ஐடா தம் பெற்றோரிடம் சொன்னார். பின்பு பல ஆண்டுகள் படித்துத் தேர்வு எழுதினார். தேவன் அழைத்தார் என்பதற்காக உடற்கூறு படிக்காமல் அறுவைசிகிச்சை செய்யவில்லை.

ஐந்தாவது, கனி என்ன? இங்கே ஓர் எச்சரிப்பு வேண்டும். கனி என்பது கட்டடத்தின் அளவன்று. தம் நாமத்தில் தீர்க்கதரிசனம் சொன்னவர்களிடம், உங்களை ஒருக்காலும் அறியவில்லை என்று சொல்லும் ஒரு நாளைப் பற்றி ஆண்டவர் மத்தேயு 7இல் பேசினார். ஆகவே சி.எம்.சி. பெரிதாயிருப்பதினால் ஐடாவின் சாட்சி உண்மை என்று நான் வாதிடவில்லை. அந்த இரவில் கதவைத் தட்டியவர்களைப் போன்றோருக்கு அந்தக் கதவு பின்னாளில் உண்மையாகவே திறந்தது என்பதையே கனியாகக் காண்கிறேன்.

அந்த மூன்று தாய்மார்

சிந்திக்கிற விசுவாசிகள் கேட்கும் கேள்வி ஒன்று மிஞ்சுகிறது. ஒரு பெண்ணை அழைப்பதற்காகத் தேவன் மூன்று தாய்மாரைச் சாகவிட்டாரா?

சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்த செய்தியை ஆண்டவர் பேசியபோது, இறந்தவர்களைக் குறித்த தெய்வீக இரகசியம் எதையும் அவர் வெளியிடவில்லை. அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்ல என்றார். பின்பு கேட்டுக்கொண்டிருந்தவர்களை நோக்கி, மனந்திரும்புங்கள் என்றார் (லூக்கா 13). திண்டிவனத்து மரணங்களையும் அவ்வாறே காண வேண்டும். அத்தாய்மார் இறந்தது மனிதர் ஏற்படுத்திய தடைகளினாலும், உதவி செய்யக் கற்றவர்கள் இல்லாததினாலும். தேவன் அந்த மரணங்களை விரும்பினார் என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை. ஆனால் அயலாரின் மரணத்தைக் கேட்டுவிட்டு மீண்டும் உறங்கப் போகாத ஒருவரோடு தேவன் பேசினார் என்பதை நம்ப நமக்கு இடமுண்டு.

ஆகையால் என் பதில் இதுவே. ஐடாவின் சாட்சியை நான் நம்புகிறேன். மேற்சொன்ன ஐந்து கேள்விகளுக்கும் அது தாழ்மையோடு பதில் சொல்லுகிறது. எனினும் அதை நம்பாத ஒரு விசுவாசி பாவம் செய்கிறார் என்று சொல்ல மாட்டேன், அது சுவிசேஷம் அன்று. சுவிசேஷத்தை நம்பும்படி கட்டளை பெற்றிருக்கிறோம். சாட்சிகளையோ சோதிக்கும்படி கட்டளை பெற்றிருக்கிறோம்.

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் வாழ்கிற நாம் ஒன்றை விசேஷமாக நினைவில் கொள்ள வேண்டும். தேவன் தம் அழைப்பினால் ஒரு மருத்துவரை எழுப்பியது இந்த மண்ணில்தான். அதே மண்ணில் ஒருவர் வந்து, சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்திவிடு, பிரசவத்துக்கு மருத்துவமனைக்குப் போகாதே, கர்த்தர் எனக்குச் சொன்னார் என்று சொன்னால், இந்த ஊரின் சரித்திரத்தை அவருக்குச் சொல்லுங்கள். கர்த்தர் சுகமாக்குகிறவர். அதற்காக ஜெபியுங்கள். மாத்திரையையும் தவறாமல் உட்கொள்ளுங்கள். உங்கள் போதகரிடமும் குடும்பத்தாரிடமும் மருத்துவரிடமும் கலந்து பேசாமல் எந்த வெளிப்பாட்டின்மேலும் உங்கள் உயிரையோ உங்கள் பிள்ளையின் உயிரையோ வைக்காதிருங்கள்.

இன்னொரு காரியமும் உண்டு. வெளிப்பாட்டைத் தேடி ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓடுகிற நாம், நம் வீட்டுக் கதவு தட்டப்படுவதைக் கேட்கிறோமா? அடுத்த தெருவில் பள்ளியை விட்டு நின்றுவிட்ட பிள்ளை, துணையில்லாத முதியவர், கணவனின் குடியினால் அடிபடுகிற பெண் ஆகியோர் நம் வாசலில் நிற்கையில், கர்த்தர் என்னோடு பேசவில்லையே என்று நாம் ஏங்கிக்கொண்டிருக்கக் கூடும். இவ்வாரம் அப்படிப்பட்ட ஒருவரின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். பின்பு அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள்.

ஜெபம்: பேசுகிற தேவனே, உம்முடைய சத்தத்தை அற்பமாக எண்ணாத இருதயத்தையும், மனிதருடைய சத்தத்தை உம்முடையதென்று ஏமாந்துவிடாத நிதானத்தையும் எங்களுக்குத் தாரும். உம்முடைய பெயரைச் சொல்லி எளியோரை வஞ்சிக்கிறவர்களிடமிருந்து உம் மந்தையைக் காத்தருளும். எங்கள் வாசலில் நிற்கிறவர்களைக் கண்டு எழுந்து போக எங்களைப் பெலப்படுத்தும். இயேசு கிறிஸ்துவின் மூலம் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.